கடைசி வரிக்கு இரண்டேகால்

"எனக்கு அண்ணனே கிடையாது," என்று மருந்துக்கடைக்காரர் தடங்கலில்லாமல் படித்து முடித்தார்.

அட்டையைப் பிடித்திருந்தவர் தன் கையைப் பார்த்தார். அவருடைய கட்டைவிரல் அந்த வரியின் மேல் இருந்தது. வரி முழுவதும் விரலுக்கு அடியில் இருந்தது.

"இன்னொரு தடவை படிங்க."

"எனக்கு அண்ணனே கிடையாது. போதுமா? கமாவும் புள்ளியும்கூடச் சொல்லட்டுமா?"

"என் விரல் தெரியுதா?"

"எந்த விரல்?"

கண்ணாடிக் கடையில் அப்போது மூன்று பேர்தான் இருந்தார்கள். அட்டையைப் பிடித்திருந்தவர் அங்கே கண் பரிசோதிப்பவர். தெருவில் அவரை அளவு என்று கூப்பிடுவார்கள். அலமாரிப் பக்கம் நின்று ஃப்ரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்தவர் கடை முதலாளி, அளவுடைய மனைவிக்கு அண்ணன். மூன்றாவது ஆள் மருந்துக்கடைக்காரர். மூக்கின் மேல் சோதனை ஃப்ரேமை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் வந்தது கண்ணாடி மாற்ற அல்ல. தன் கண்ணில் குறையில்லை என்று நிரூபிக்க.

விஷயம் இதுதான். தபால் அலுவலக குமாஸ்தா ஒருவர் தும்மலுக்கு மாத்திரை கேட்டிருக்கிறார். மருந்துக்கடைக்காரர் மாத்திரைப் பட்டையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, தலையாட்டி, தூக்க மாத்திரையைக் கொடுத்துவிட்டார். குமாஸ்தா பேருந்திலேயே தூங்கிப்போனார். வண்டி பணிமனைக்குப் போய், கழுவப்பட்டு, மறுபடி புறப்பட்டபோதும் அவர் எழவில்லை. நடத்துனர் தட்டி எழுப்பியதும், தும்மல் நின்றுவிட்டது என்று சொன்னாராம்.

"நின்னுச்சா இல்லையா?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

"நின்னது மூச்சா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்றார் முதலாளி.

மருந்துக்கடைக்காரர் அட்டையைத்தான் காட்டினார். "கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டேன். இதை விடப் பொடி எழுத்து எந்த மாத்திரையிலே இருக்கு?"

அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்கு மடிப்பு. முதல் மடிப்பில் எழுத்துகள் பட்டாணி பட்டாணியாக இருக்கும். இரண்டாவதில் பாதி, மூன்றாவதில் அதிலும் பாதி. நான்காவது மடிப்பின் அடியில் கடுகைக் கீறி எழுதியது போல ஒரே ஒரு வரி. வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, எதுவரை படிக்கிறார்கள் என்று பார்ப்பதற்கான அட்டை. எல்லாக் கண்ணாடிக் கடைகளிலும் இப்படி ஒன்று இருக்கும். மற்ற கடைகளில் அதில் எழுதியிருப்பது என்னவென்று யாரும் கவனிப்பதில்லை. இந்தக் கடையில் எழுதியிருந்தது 'அளவு' என்ற சிறுகதை.

கதை ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் கூட. பழைய பத்திரிகை ஒன்றில் வந்தது. எழுதியவர் பெயர் இருந்த இடம் கிழிந்துபோயிருந்தது. ஒரு தச்சனிடம் ஒரு மனிதர் வருகிறார். அண்ணனுக்குக் கட்டில் வேண்டும், நான்கு பக்கமும் பலகை வைத்து, குளிர் புகாத மாதிரி, மேலே ஒரு மூடியும். அண்ணன் உங்கள் உயரம்தான், உங்கள் உடம்புதான், உங்கள் அளவுக்கே செய்யுங்கள் என்கிறார். நல்ல மனிதர். வேலை நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கிறார். படிக்கட்டுகூடப் போடுவீர்களா என்று கேட்கிறார். தச்சன் சிரிக்கிறான். எத்தனையோ போட்டிருக்கேன், எல்லாமா ஞாபகம் இருக்கும் என்கிறான். வேலை முடிகிறது. படுத்துப் பார்த்துச் சொல்லுங்களேன் என்கிறார் அவர். தச்சன் படுக்கிறான். கச்சிதமா இருக்கு, உங்க அண்ணனுக்கு என்னை மாதிரியே உடம்பு போல என்கிறான். மூடியைத் தூக்கிக்கொண்டே அவர் சொல்கிறார்: எனக்கு அண்ணனே கிடையாது.

அவ்வளவுதான் கதை.

அளவு இதை முதலில் படித்தது முடிதிருத்தும் கடையில். அப்போது அவருக்கு மீசை வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நாற்காலியில் சாய்ந்து, முகம் முழுக்க நுரையோடு, பத்திரிகையை நெஞ்சுக்கு மேல் தூக்கிப் பிடித்துப் படித்தார். கடைசி வரிக்கு வந்தபோது கத்தி கழுத்தில் இருந்தது. அசையாமல், உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார்.

"அண்ணே, உங்களுக்கு அண்ணன் இருக்காரா?"

"ரெண்டு பேரு. ஆடாதே," என்றார் முடிதிருத்துபவர்.

அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். பிறகு படிப்பு, கண் பரிசோதனைப் பயிற்சி, கல்யாணம், மச்சானுடைய கடையில் வேலை. எல்லாவற்றுக்கும் அந்தத் தாள் கூடவே வந்தது. அதை அவர் எத்தனை முறை படித்திருப்பார் என்று மனைவியிடம் கேட்டால், "என்னைப் பாத்ததை விட அதிகம்" என்பார். அவர் மனைவி அச்சகத்தில் கணினியில் எழுத்துக் கோர்ப்பவர். அட்டையைக் கோர்த்ததும் அவர்தான்.

கதையைப் பற்றி அளவுக்கு ஒரு கட்சி உண்டு. எல்லோரும் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு ஆகா என்கிறார்கள். கொலை நடப்பது அங்கே இல்லை. மூன்றாவது மடிப்பில், நடுத்தர எழுத்தில் நடக்கிறது. எல்லாமா ஞாபகம் இருக்கும் என்று தச்சன் சொல்கிறானே, அங்கே. அந்த ஊரில் எங்கோ ஒரு படிக்கட்டு உடைந்திருக்கிறது. யாரோ விழுந்திருக்கிறார்கள். அதைக் கதை சொல்வதே இல்லை. சொல்லாமல் விட்டதற்காகவே எழுதியவரின் காலைத் தொட்டுக் கும்பிடலாம் என்பார். அவர் யாரென்று தெரியாததால் அந்த வேலை மிச்சம்.

அட்டை வந்த புதிதில் கடைக்கு நல்ல காலம். வந்தவர்கள் மூன்றாவது மடிப்போடு எழுத்து மங்கிப்போய், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று தவித்தார்கள். "அதுக்குத்தான் கண்ணாடி" என்பார் முதலாளி. கதை முடியட்டும் என்பதற்காகவே கண்ணாடி போட்டுக்கொண்டவர்கள் தெருவில் உண்டு. போட்டுக்கொண்டவர்கள் சும்மா இருக்கவில்லை. வீட்டில் சொன்னார்கள். டீக்கடையில் சொன்னார்கள். சீட்டாட்டத்தில் ஆளைக் கவிழ்த்தவன் கடைசிச் சீட்டை இறக்கும்போது "எனக்கு அண்ணனே கிடையாது" என்றான். அளவுக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் பூரிப்பாக இருக்கும். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அவர் யோசிக்கவில்லை.

இப்போது யோசிக்க வேண்டியிருந்தது.

"மாப்ளே," என்று முதலாளி துடைக்கிற துணியைக் கீழே வைத்தார். "இவர் படிக்கலே. ஒப்பிக்கிறார்."

"நான் பொய் சொல்றேங்கிறீங்களா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நீங்க சொல்லலே. உங்க கண்ணு சொல்லுது. பாதி எழுத்தைப் பாத்துட்டு மீதியை ஞாபகத்திலேருந்து எடுத்துக்குது. மாத்திரையிலேயும் அதைத்தானே பண்ணியிருக்கு?"

மருந்துக்கடைக்காரர் சோதனை ஃப்ரேமைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது.

"ரெண்டுலே ஒண்ணு முடிவு பண்ணு மாப்ளே," என்றார் முதலாளி. "முடிவை மாத்து. இல்லேன்னா எண் அட்டையை எடு. கம்பெனிக்காரன் குடுத்தது உறை பிரிக்காம கிடக்கு."

எண் அட்டையில் எண்கள் மட்டும் இருக்கும். ஏழு, மூன்று, ஒன்பது, நான்கு. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"மச்சான், எண்ணைப் படிக்கிறதுக்கு எதுக்குக் கண்ணு? விரலை மடக்கியே எண்ணிக்கலாமே."

"அப்போ முடிவை மாத்து."

"கதையோட முடிவை மாத்தறதா? அதுக்கு என்னைப் படுக்க வெச்சு மூடியைப் போட்டுடுங்க."

"உன் அளவுக்குப் பலகை இல்லே. பேச்சை மாத்தாதே."

இவர்கள் பேசிக்கொண்டிருக்கையில் மருந்துக்கடைக்காரர் தன் கண்ணாடியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை எப்போ எனக்குப் போட்டுக் குடுத்தீங்க?" என்று கேட்டார். "அப்பவே நான் ஒப்பிச்சேனா?"

"எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கேன்," என்றார் அளவு. "எல்லாமா ஞாபகம் இருக்கும்?"

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

மற்ற இருவரும் ஒன்றும் கவனிக்கவில்லை. முதலாளி மறுபடி ஃப்ரேமைத் துடைக்க ஆரம்பித்திருந்தார். கடைக்கு வெளியே தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். தையற்காரர் ஒருவர், சைக்கிள் கடைக்காரர், குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண். மூவருமே கண்ணாடி போட்டிருந்தார்கள். மூன்றும் இந்தக் கடைக் கண்ணாடிகள்.

"மாத்திடறேன்," என்றார் அளவு.

அச்சகம் இரண்டு தெரு தள்ளி. அவர் போனபோது மனைவி ஒரு துண்டுப் பிரசுரத்துக்கு எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியைச் சுழற்றித் திரும்பினார். முகத்தில் இத்தனை நாள் அடக்கி வைத்த சந்தோஷம்.

"நான் அப்பவே சொன்னேன். அந்தத் தச்சன் எந்திரிச்சுப் போகட்டும்னு எழுதினா என்ன குறைஞ்சு போயிடும்? உழைச்சவன், களைச்சுப் போய்ப் படுத்திருக்கான்."

"அவன் போட்ட படிக்கட்டு உடைஞ்சிருக்கு."

"எங்கே எழுதியிருக்கு?"

"எழுதலை. அதான் கதை."

"எழுதாததுக்கெல்லாம் ஆளைப் பெட்டியிலே போடறதா? சரி, விடுங்க. இது எப்படி? அந்த நேரம் பார்த்து அண்ணன் நிஜமாவே உள்ளே வர்றார்."

"கிடையாத அண்ணன் எப்படி வருவார்?"

"மூடி கனமா இருந்து அவர் கால் மேலேயே விழுந்துடுது?"

"சிரிப்புக் கதை இல்லே இது."

"தச்சன் முழிச்சுப் பாத்தா எல்லாம் கனவு?"

அளவு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மனைவி அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"சரி, சரி. இதைச் சொல்லுங்க. எழுத்து மங்கலாத் தெரியற ஆளு பழைய வரின்னு நினைச்சு ஏமாறணும். அப்படித்தானே?"

"ஆமா."

"அப்போ நீளம் ஒண்ணா இருக்கணும். ஆரம்பம் ஒண்ணா இருக்கணும். முடியறதும் ஒண்ணா இருக்கணும்."

அவர் திரை பக்கம் திரும்பினார். பழைய வரியைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு பார்த்தார். இது அவருடைய வேலை. பெயர்ப் பலகைக்கும் அழைப்பிதழுக்கும் இடத்துக்குத் தக்கபடி சொல்லைக் கூட்டிக் குறைத்துப் பழகியவர். சிறிது நேரம் தட்டினார், அழித்தார், தட்டினார். பிறகு திரையைக் கணவர் பக்கம் திருப்பினார்.

எனக்கு அளவே தெரியாது.

அளவு அதைப் பார்த்தார். முந்தின வரியோடு சேர்த்துப் படித்தார். கச்சிதமா இருக்கு, உங்க அண்ணனுக்கு என்னை மாதிரியே உடம்பு போல. எனக்கு அளவே தெரியாது. பொருந்தியது. யாரோ ஓர் அப்பாவி, அளவு தெரியாததால் தச்சனையே படுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். தலைப்போடுகூடப் பொருந்தியது. கதை செத்துவிட்டது. ஆனால் ஒரு கீறல் இல்லாமல் செத்திருந்தது.

"எப்படி?" என்றார் மனைவி.

"நல்லா இருக்கு. அதான் கஷ்டமா இருக்கு."

"ஒரு தடவையாவது வாய் விட்டுப் பாராட்டறாரான்னு பாரு," என்று மனைவி பக்கத்தில் இருந்த அச்சு இயந்திரத்திடம் சொன்னார். பிறகு பழைய அட்டையின் கோப்பைத் திறந்து அந்த ஒரு வரியை மாற்றினார். அட்டை வெளியே வந்தபோது சூடாக இருந்தது. அளவு அதை ஊதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மாலையில் மருந்துக்கடைக்காரரை மறுபடி வரவழைத்தார்கள். அவர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். ஒப்பிக்கிற ஆள் என்று பெயர் வந்த பிறகு அன்று யாருக்கும் மாத்திரை கொடுக்க அவருக்கே பயமாக இருந்திருக்கிறது. பழைய பவரையே மாட்டி, அட்டையைக் கையில் கொடுத்தார் அளவு. இந்த முறை விரல் எதன் மேலும் இல்லை.

"எனக்கு அண்ணனே கிடையாது," என்றார் மருந்துக்கடைக்காரர்.

முதலாளி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்.

அளவு லென்ஸை மாற்றினார். ஒன்றேமுக்கால்.

"எனக்கு அண்ணனே கிடையாது."

இரண்டு.

"எனக்கு அண்ணனே... கிடையாது. ஏன், நேத்து வரைக்கும் கிடையாது, இன்னிக்கு வந்துடுவாரா?"

இரண்டேகால்.

மருந்துக்கடைக்காரர் வாயைத் திறந்தார். மூடினார். அட்டையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். கிட்டே கொண்டுவந்தார்.

"எனக்கு... அள... யோவ்! என்னய்யா இது?"

"என்ன?"

"அளவே தெரியாதா? யாருக்குத் தெரியாது? அவன் தச்சனை ஒவ்வொரு விரற்கடையாக் கண்ணாலேயே அளந்து வெச்சிருக்கான், அவனுக்கா தெரியாது? எவன்யா மாத்தினான்? அச்சுப் பிழையா? உங்க வீட்டம்மாவைக் கூப்பிடுங்க!"

அவர் எழுந்து நின்றுவிட்டார். சோதனை ஃப்ரேம் மூக்கிலிருந்து சரிந்தது. அளவு அதைத் தாங்கிப் பிடித்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது. சரியான பவர் கிடைத்ததும், கதைக்காகச் சண்டை போட ஓர் ஆள் கிடைத்ததும் ஒரே நேரத்தில் நடந்திருந்தது.

"ரெண்டேகால்," என்று சீட்டில் எழுதினார். "கோபம் வர்ற இடம்தான் பவர்."

"இது நல்லா இருக்கே," என்றார் முதலாளி. "தெரு முழுக்கக் கூப்பிட்டு ஒரு தடவை கோபப்படுத்திடலாம்."

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, மருந்துக்கடைக்காரர் போன பிறகு ஓர் அம்மாள் வரும்வரை.

வங்கிக்கு மாற்றலாகி வந்தவர். தெருவுக்குப் புதியவர். கதையைக் கேள்விப்பட்டதே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, முதல் மடிப்பிலிருந்து நிதானமாக, வார்த்தை வார்த்தையாகப் படித்துக்கொண்டு வந்தார். அளவு லென்ஸ்களை மாற்றிக்கொண்டே இருந்தார். மூன்றாவது மடிப்பில் அவருடைய குரல் கொஞ்சம் தாழ்ந்ததை அளவு கவனித்தார். ஒன்றேமுக்கால் போட்டதும் நான்காவது மடிப்பு தெளிந்தது.

"எனக்கு அளவே தெரியாது," என்று படித்துவிட்டு அந்த அம்மாள் அட்டையை மடித்துக் கொடுத்தார். "நல்ல கதை. நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். அமைதியா முடிஞ்சுடுச்சு."

"ஆமாம்மா, நல்ல கதை," என்றார் முதலாளி, அளவை முந்திக்கொண்டு.

அம்மாள் ஃப்ரேம் தேர்ந்தெடுத்தார், பெயர் கொடுத்தார், போனார். அளவு பரிசோதனை நாற்காலியில் தானே உட்கார்ந்தார். அட்டையைத் திறந்தார், மூடினார்.

"விடு மாப்ளே," என்றார் முதலாளி. "அவங்களுக்குக் கண்ணாடி சரியாப் போயிடுச்சு. அதுக்கு மேலே அவங்களுக்கு என்ன குறை?"

"நல்ல கதைன்னு சொல்லிட்டுப் போறாங்க மச்சான்."

"நல்லதுதானே?"

"அமைதியா முடிஞ்சுதாம்."

"முடியட்டுமே! எங்கே எந்திரிக்கறே?"

அளவு தெருவில் ஓடினார். வெள்ளைக் கோட்டோடு, கழுத்தில் தொங்கும் டார்ச்சோடு. அந்த அம்மாள் பேருந்து நிறுத்தத்தில் இருந்தார். ஓடி வருகிறவரைப் பார்த்துத் தன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எதையாவது விட்டுட்டு வந்துட்டேனா?"

"இல்லேம்மா. கதை அப்படி முடியாது."

"எந்தக் கதை?"

"இப்போ படிச்சீங்களே. கடைசி வரி நாங்க மாத்தினது. அவர் மூடியைத் தூக்கிக்கிட்டே சொல்றது வேற. எனக்கு அண்ணனே கிடையாதுன்னு சொல்றார்."

அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இதைச் சொல்லவா ஓடி வந்தீங்க?"

"ஆமா."

சிரிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். நிறுத்தத்தின் பெஞ்சில் உட்கார்ந்தார். அளவு நின்றபடியே மூச்சு வாங்கினார்.

"படிக்கட்டு போடுவீங்களான்னு கேட்டாரே," என்றார் அம்மாள் மெதுவாக. "அதுக்கா?"

"அதுக்குத்தான்."

"யாரு விழுந்தது? அவர் பொண்டாட்டியா, குழந்தையா?"

"கதையிலே எழுதலை."

"எழுதாம விட்டாரா? படுபாவி." பையை மடியில் வைத்துக்கொண்டு, "எல்லாமா ஞாபகம் இருக்கும்னு வேற சொல்லிட்டானே அவன். சிரிச்சுக்கிட்டே சொன்னான்," என்றார்.

அந்த இடத்தைத் தானாகக் கண்டுபிடித்த ஆளை அளவு அதுவரை பார்த்ததில்லை. பேருந்து வந்தது. அம்மாள் எழவில்லை. பேருந்து போனது.

"இவ்வளவு நல்ல கதையை எதுக்கு மாத்தி வெச்சிருக்கீங்க?"

அளவு காரணத்தைச் சொன்னார். மருந்துக்கடை, தும்மல், பணிமனை, விரல் எல்லாம். குமாஸ்தா கழுவப்பட்ட பேருந்தில் தூங்கியதற்கு அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார்.

"அப்போ என்னோட ஒண்ணேமுக்கால்? கதையிலே கை வெச்ச ஆளு, பவர்லே வெச்சிருக்க மாட்டீங்கன்னு நான் எப்படி நம்பறது?"

"பவர்லே பொய் இல்லேம்மா. அதுக்காகத்தான் கதையிலே ஒரு பொய்."

"உங்களுக்கு அது பிடிக்கலே."

"பிடிக்கலே."

"ஆனா எடுக்கவும் மாட்டீங்க."

அளவு மருந்துக்கடை இருந்த பக்கம் பார்த்தார். பாதிக் கதவு திறந்திருந்தது. "எடுக்க முடியாதும்மா," என்றார்.

அடுத்த பேருந்து வந்தது. அம்மாள் ஏறிக்கொண்டார். அளவு கடைக்குத் திரும்பினார். முதலாளி விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"இனிமே அவங்களும் ஒப்பிப்பாங்க."

"ஒப்பிக்கட்டும். அட்டையிலே இருக்கிறது வேற."

அடுத்த நாள் வழக்கமான நேரத்துக்குக் கடை திறந்தது. பழைய அட்டையில் படித்துக் கண்ணாடி போட்டவர்கள் மறுபடி வந்து பார்த்துக்கொள்ளவும் என்று முதலாளி ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினார். காலையில் சிலர் வந்தார்கள். தையற்காரருக்கு பவர் மாறியிருந்தது. சைக்கிள் கடைக்காரருக்கு மாறவில்லை. மாற்றிய வரியைப் பார்த்ததும் அவர் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். கதை தெரியாத இருவர் வந்தார்கள். ஒருவரிடம் உண்மையான முடிவை அளவு சொன்னார். இன்னொருவருக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தது. மதியம் மருந்துக்கடைக்காரருக்கு இரண்டேகால் பவரில் கண்ணாடி தயாரானது. அவர் அதைப் போட்டுக்கொண்டு போய், அலமாரியிலிருந்த மாத்திரைப் பட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். சிலவற்றை இடம் மாற்றி வைத்தார். பிற்பகல் மழை பெய்தது. மழைக்கு ஒதுங்கிய ஒருவர் சும்மா இருக்கப் பிடிக்காமல் அட்டையை எடுத்துப் படித்துவிட்டு வைத்தார். அவர் படித்தது மாற்றிய முடிவைத்தான். மழை விட்டதும் போனார்.